மூன்றாம் வகுப்பில் நான் எழுதிய ஐந்தாம் வகுப்புப் பேப்பர்

என் மூத்த சகோதரன், காக்கா, ஐந்தாம் வகுப்புக்கு ஏறிய வருசம் எங்கள் வீட்டில் புலமைப்பரிசில் பரீட்சையும் வந்து குடியேறியது. கல்முனைப் பக்கம் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்க வைக்கும் பரீட்சை. டீவிக்கு மேல் துணி விழுந்தது. காக்காவின் பந்து அலுமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, ஒரு கட்டுப் பழைய வினாத்தாள்களோடு உம்மா மேசைக்கு வந்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் காக்கா. வயது பத்து, முகத்தில் வரட்டி தட்டியது போன்ற ஒரு சோகம்.

நான் மூன்றாம் வகுப்பு. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லாரும் இருக்கும் இடத்தில்தானே நானும் இருக்கவேண்டும்? மேசைக்கு எதிர்ப்பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதனால் அந்த வினாத்தாள்கள் எல்லாம் எனக்குத் தலைகீழாகவே அறிமுகமாயின.

கொஞ்ச நாள் போனதும் காக்கா திக்குமுக்காடும் கேள்விகளுக்கு என் வாய் தானாக விடை சொல்லத் தொடங்கியது. "வாய மூடு புள்ள, அவன் யோசிக்கட்டும்" என்று உம்மா அதட்டுவார். ஒருநாள் அதட்ட வாய் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, நான் சொன்ன விடையை விடைத்தாளில் தேடிப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்வியை என்னிடமே கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டார். அன்று காக்காவுக்கு அரைமணி நேரம் விடுதலை கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமை உம்மா என்னையும் காக்காவின் டியூசன் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில் அது. அங்கே படிப்பிக்கும் சேர் விசயத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணாம் வகுப்புப் பேப்பர குடுத்தா நூத்துக்கு நூறு எடுத்துட்டுப் போயிரும்" என்றார். "அதால என்ன தெரியும்? கட்டக் கயித்த விட்டு கிணத்துட ஆழத்தப் பாக்க ஏலுமா? இண்டைக்கி இவங்களுக்கு மாதிரிப் பரீட்ச. இவவும் எழுதட்டும்."

காக்காவுக்குப் பக்கத்து மேசை எனக்குக் கிடைத்தது. வாங்கு உயரம், கால் நிலத்தில் எட்டவில்லை. வினாத்தாள் வந்ததும் நான் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். வகுப்புப் புத்தகத்தை நேராகத்தான் படிப்பேன். ஆனால் இந்த வகைப் பேப்பரை இப்படித்தான் வாசிக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். சேர் வந்து நேராக்கிவிட்டுப் போனார். நான் மறுபடி திருப்பினேன். இரண்டாம் முறையும் வந்து நேராக்கினார். மூன்றாம் முறை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, தலையில் கை வைத்தபடி திரும்பிவிட்டார். பிள்ளைக்கு எழுத்தே தெரியாது என்று நினைத்துவிட்டதாகப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பரீட்சையில் நான் கண்ட சந்தோசத்தை இன்றும் எதோடும் ஒப்பிட முடியவில்லை. என் வகுப்பில் டீச்சர் தரும் கணக்கை முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை கூரைத் தகடுகளை எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் வழக்கம். இங்கேயோ எண்ண நேரமில்லை. எனக்குத் தெரியாத கேள்வியும் வந்தது! பென்சிலைக் கடித்துக்கொண்டு, தெரியாததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் சேர் உம்மாவை அழைத்து முடிவைச் சொன்னார். இருநூறுக்குக் காக்கா நூற்று இருபத்தெட்டு. நான் நூற்று ஐம்பத்தொன்று.

உம்மாவின் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது. வீட்டு வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்திக் குசுகுசுத்தார்.

"காக்காட்ட சொல்லப்படா. அவன் மனமுடைஞ்சிருவான், பரீட்ச கிட்ட வந்துட்டு. கேட்டா தொண்ணூறு எண்டு சொல்லு, என்ன?"

"பொய் சொன்னா பாவமில்லயா உம்மா?"

"அத நான் பாத்துக்கிறன்."

காக்கா அன்று பின்னேரமே என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். இழுத்து வைத்திருந்த தோணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"ஒனக்கு எத்தின?"

"தொண்ணூறு."

"பொய். வரிசக் கணக்குக்கு எல்லாரும் இருவத்தொண்டு போட்டாங்க. நீ மட்டும் இருவது. நான் எட்டிப் பாத்தன். என்ட இருவத்தொண்ட வெட்டிட்டு இருவது எண்டு போட்டன். சேர் சரி போட்டிரிக்காரு." என் பக்கம் திரும்பினான். "ஏன் இருவது?"

ஒரு வரிசையில் ஒரு பிள்ளை முன்னாலிருந்து பன்னிரண்டாவது, பின்னாலிருந்து ஒன்பதாவது. வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? அதுதான் கேள்வி. நான் சிப்பி பொறுக்கிவந்து மணலில் வரிசையாக வைத்தேன். ஒன்று மட்டும் சிவப்புச் சிப்பி. இந்தப் பக்கமிருந்து எண்ணச் சொன்னேன், அந்தப் பக்கமிருந்து எண்ணச் சொன்னேன்.

"இந்தச் செவப்ப நீ ரெண்டு தரம் எண்ணிட்டாய் காக்கா."

அவன் சிப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மணலில் மல்லாந்து விழுந்து, "அட, இவ்வளவுதானா!" என்று கத்தினான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். நானும் சிரித்தேன். நூற்று ஐம்பத்தொன்றையும் சொல்லிவிட்டேன். உம்மா பாவத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் வகுப்பு கடற்கரையில் நடந்தது. எனக்குத் தெரியாததை இருவருமாக மணலில் கீறிப் பார்த்து, சண்டை பிடித்துக் கண்டுபிடித்தோம். சேர் கிழமைக்கொரு பேப்பர் எனக்கென்று தனியாகக் கொடுத்துவிட்டார். சிலவற்றில் ஆறாம் வகுப்புக் கணக்கும் இருந்தது. காக்காவின் புள்ளி மெல்ல மெல்ல ஏறியது. தன் வினாத்தாள்களின் மகிமை என்று உம்மா மாமிமாருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மறுக்கவில்லை.

காக்கா வெட்டுப்புள்ளிக்கு மேலே ஆறு புள்ளி எடுத்துச் சித்தியடைந்தான். வாப்பா தன் ஓட்டோவில் ஊர் முழுக்கச் சுற்றி, கண்டவருக்கெல்லாம் தொதல் இனிப்புக் கொடுத்தார். சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பாடசாலையில் விழா வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறிப் பரிசு வாங்கி, தான் நன்றி சொல்ல விரும்புகிறவர்களை ஒலிவாங்கியில் சொல்லவேண்டும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சேருக்கும் நன்றி என்று எல்லாரும் ஒரே மாதிரி ஒப்புவித்தார்கள்.

காக்காவின் முறை வந்தது. முன்வரிசையில் அவனோடு பந்தடிக்கும் பொடியன்கள் முழுப்பேரும் இருந்தார்கள்.

"வாப்பாக்கும் உம்மாக்கும் சேருக்கும் நன்றி" என்றான். பிறகு தொண்டையைச் செருமினான். "என்ட தங்கச்சிக்கும் நன்றி. அவதான் எனக்குக் கணக்குப் படிப்பிச்ச. அவ மூணாம் வகுப்பு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பொடியன்கள் விசிலடித்தார்கள். காக்காவின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனாலும் அவன் மேடையிலிருந்து ஓடவில்லை. நிமிர்ந்து நின்று சிரித்தான். என்னைப் பிடித்திருந்த உம்மாவின் கை விலகியது. பார்த்தால், உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ கோபம். தங்கச்சி என்றானே, என் பேரைச் சொன்னானா? ஊரில் எத்தனை தங்கச்சிகள் இருக்கிறார்கள்! ஓட்டோவில் வீடு வரும்வரை நான் அவனோடு கதைக்கவில்லை. பரிசாகக் கிடைத்த கலர்ப் பென்சில் பெட்டியை அவன் என் மடியில் வைத்தான். அதிலும் எனக்குக் கோபம் தீரவில்லை.

இரண்டு வகுப்புக்கு மேலே உள்ள பேப்பரை எழுதக்கூடிய பிள்ளை என்று ஊரெல்லாம் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டாளிமார் எல்லாரும் பார்த்திருக்க ஒரு பத்து வயதுப் பையன் அந்த வார்த்தைகளைச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது மட்டும், எந்நேரமும் அவனோடு ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு விளங்கவேயில்லை.