கோல் வாசலுக்குத் தனியாக ஒரு மாஸ்டர்

கால்பந்து கிளப்பில் எல்லாரும் அவரைக் 'கையுறை' என்றுதான் கூப்பிடுவார்கள். கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி தருகிறவர். விளையாடிய காலத்தில் பதினொரு வருஷம் மாற்று கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். களத்தில் இறங்கியது இரண்டே ஆட்டம். மீதி நாளெல்லாம் இன்னொருவர் தப்பு செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான் அவருடைய படிப்பு. இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. பத்திரிகை விமரிசகர்கள் மட்டும் கேட்பதில்லை.

கிளப் செயலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓடுகிற எதையும் நம்பமாட்டார், சும்மா நிற்பதை இன்னும் நம்பமாட்டார். கையுறையோ காலை முழுக்க வலைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"ரெண்டு மணி நேரமா பாக்குறேன். பந்தைத் தொடவே இல்லையே நீங்க?"

"பந்தை எல்லாரும் பாக்குறாங்க சார். நான் கீப்பர் காலைப் பாக்குறேன்."

"அவர் கையாலதானே புடிக்கணும்?"

"கால் தப்பான இடத்துல இருந்தா கை போய்ச் சேராது சார்."

பதில் சரியாக இருந்தது. செயலாளரின் சந்தேகம் அதனாலேயே இரட்டிப்பானது. மைதானத்தின் மறுபக்கம் போனார். அங்கே தடுப்பு ஆட்டக்காரர்களுக்கென்று இன்னொரு மாஸ்டர், பட்டப்பெயர் 'சுவர்'. அவர் காதருகே குனிந்து, "கீப்பருக்கும் தடுப்புக்கும் சேர்த்து ஒரே ஆள் போதும்னு ஒரு யோசனை. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். திரும்பி வந்து கையுறையின் காதிலும் அதையே போட்டார். கூடவே ஒரு வரி சேர்த்தார்: "சனிக்கிழமை ஆட்டத்துல அசட்டுத்தனமா ஒரு கோல் போச்சுன்னா, உங்க இடம் காலி."

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை முடிந்து வந்த மனைவியிடம் கையுறை விஷயத்தைச் சொன்னார்.

"அந்தச் சுவர் உங்ககிட்ட நல்லாத்தானே பேசுவாரு?"

"அதான் எனக்கு இடிக்குது."

மறுநாள் முதல் பாடங்கள் ரகசியமாயின. சுவர் தண்ணீர் குடிக்க இந்தப் பக்கம் வந்தால், கையுறை பயிற்சியை நிறுத்திவிட்டுக் கீப்பரைக் கழுத்தைச் சுழற்றச் சொல்வார். கையுறை அந்தப் பக்கம் நடந்தால், தடுப்பு ஆட்டக்காரர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார்கள்.

சனிக்கிழமை, எண்பதாவது நிமிடம், இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணி அடித்த உயரப் பந்து ஒன்று கீப்பருக்கும் தடுப்பு ஆட்டக்காரருக்கும் நடுவில் விழுந்தது. ஒருமுறை குதித்தது. கீப்பர் தடுப்பு ஆட்டக்காரரைப் பார்த்தார். மறுமுறை குதித்தது. அவர் கீப்பரைப் பார்த்தார். பந்திக்கு முதலில் யார் உட்காருவது என்பது போல இருவருக்கும் அத்தனை மரியாதை. மூன்றாவது குதிப்பில் எதிரணி ஆள் ஓடி வந்து சிரமமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் அறையில் விசாரணை.

"எடுக்கறதா இருந்தா மட்டும் கத்தணும், கத்தலன்னா தடுப்பு ஆள் அடிச்சிடுவாருன்னுதான் கீப்பருக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் கையுறை.

"நான் சொல்லிக் குடுத்தது வேற. கீப்பர் 'அடி'ன்னு கத்தினா அடி, கத்தலன்னா அவரே எடுத்துக்குவாரு, ஒதுங்கிடுன்னு" என்றார் சுவர்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாடமும் நல்ல பாடம்தான். செயலாளர் கையுறையைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னார்: "விடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து கீப்பரையும் நீங்களே பாத்துக்குங்க."

கையுறை தரையைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், வளைந்துபோன இரண்டு விரல்களோடு, வேறு எந்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

"எனக்கு விழத் தெரியாது சார்" என்றார் சுவர்.

"என்னது?"

"கீப்பர்னா பக்கவாட்டுல பாய்ஞ்சு விழணும். விழுந்தா தோள்பட்டை விலகாம எந்திரிக்கணும். நான் விழுந்தா ஸ்ட்ரெச்சர்லதான் எந்திரிப்பேன். அந்த வித்தை இவருக்குத்தான் தெரியும்."

செயலாளரின் கண்கள் சுருங்கின. "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"பேசியிருந்தா அந்தக் கோலே போயிருக்காது சார்" என்றார் சுவர்.

செயலாளர் இருவரையும் போகச் சொன்னார். கையுறையின் இடம் தப்பியது. ஆனால் வாசலில் கையுறை சுவரை மறித்தார்.

"எதுக்கு எனக்காகப் பேசினீங்க?"

"உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்."

"வேற கிளப்புல உங்களுக்கு ஏதாவது இடம் தோது பண்ணிட்டீங்களா?"

"இல்லப்பா."

கையுறைக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. திங்கட்கிழமை காலை மைதானத்தைக் கடந்து அவரே மறுபக்கம் போனார். யாரும் லேஸ் கட்டவில்லை.

"இனிமே கத்தினா கீப்பர் பந்து. கத்தலன்னா உங்காள் அடிச்சிடணும். சரிதானே?"

"சரி."

"எழுதிக் குடுங்க."

சுவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கையுறை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தேதியும் போடச் சொன்னார்.