கங்கைகொண்டானுக்கு ஒரு துணை

சேரன்மகாதேவி சர்ச் தெருவில் ரீபா என்றாலே எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரமாட்டாள். சமையல்காரரிடம் போய், சாம்பார் தீர்ந்துபோகும் என்று முதலில் எப்படித் தெரியும் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். அப்பா தேவசிகாமணி பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். "வக்கீலுக்குப் படிக்கப் போட்டிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்" என்று சிரிப்பார். அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் அம்மா சாரம்மாளுக்குச் சிரிப்பு வராது. நாசரேத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டிருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

ரீபாவின் கணக்கு வேறு. பாளையங்கோட்டையில் பி.பி.ஏ. கடைசி வருஷம். புராஜெக்ட்டை ஒழுங்காக முடித்து, அதைக் காட்டியே ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும். கையில் வேலை இருந்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம். இல்லையென்றால் மே மாதமே நாசரேத்துதான். மாப்பிள்ளை மேல் அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. உலகத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பாக்கி இருக்கும்போது அதற்குள் போய் ஒரு வீட்டுக்குள் உட்காருவானேன் என்பதுதான் அவள் வருத்தம்.

வகுப்பில் பாதிப் பேர் ஜெராக்ஸ் கடையில் பழைய புராஜெக்ட்டை வாங்கி, அட்டையில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரீபா கங்கைகொண்டானில் மசாலாப் பொடி பாக்கெட் போடும் ஒரு கம்பெனிக்குப் போனாள். அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி மாரிராஜ். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது.

"பொம்பளப் பிள்ளைய நல்லாத்தான் வேலை செய்யுதாவ. ஒரு வருசம் ஆகுமுன்ன நின்னுருதாவ. அதுவும் ஒத்தையா நிக்கமாட்டாவ, ரெண்டு ரெண்டு பேரா நிப்பாவ. யாரோ தூண்டி விடுதாம்னு நினைக்கேன். ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. நல்லாச் செஞ்சேன்னா எங்க ஆபீசுக்கே ஒரு ஆள் வேணும்."

ரீபாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கேள்வித்தாள் தயாரானது. ஏன் வேலையை விடுகிறார்கள்? சம்பளம், வேலைப்பளு, சூப்பர்வைசர், தூரம், கேன்டீன் சாப்பாடு. பொருத்தமான கட்டத்தில் டிக் போடவும். மாரிராஜ் அதைக் கம்பெனி பஸ்களில் கொடுத்தனுப்பினார். மறுநாளே எல்லாம் நிரம்பி வந்துவிட்டது.

பிரித்துப் பார்த்த ரீபாவுக்கு மயக்கம் வராத குறை. சேரன்மகாதேவி பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கேன்டீன் சாப்பாட்டில் டிக் போட்டிருந்தார்கள். முக்கூடல் பஸ் முழுக்கத் தூரம். அதைக்கூடப் பொறுக்கலாம், முக்கூடல் பஸ்ஸில் எல்லாருக்கும் ஒரே வயசு.

"சவத்தைத் தூரப் போடுட்டி" என்றான் கூடப் படிக்கும் சுபின். "நாமளே உக்காந்து நிரப்பிருவோம். எல்லாரும் அதான் செய்யுதாவ." கைடு ஞானசம்பந்தன் சாரோ, அட்டவணை இல்லாமல் புராஜெக்ட்டைத் தொடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிரப்பிவிடலாமா என்று ரீபாவுக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பஸ் முழுக்க ஒரே கட்டத்தில் எப்படி டிக் போடும்? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாரிராஜிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சேரன்மகாதேவி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பக்கத்தில் இடம் கொடுத்தவள் பேச்சிக்கனி, வாய்க்கால் கரைப் பக்கத்துப் பெண். ரீபாவைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். ரீபா நேரடியாகவே கேட்டாள்.

"அந்தப் பேப்பரா? நாந்தான் வாசிச்சு வாசிச்சுச் சொன்னேன், எல்லாரும் போட்டாவ" என்றாள் பேச்சிக்கனி. "ஆளாளுக்கு ஒண்ணு போட்டா, நீ ஏன் இப்படிப் போட்டன்னு ஒருத்தியத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாவள்லா? எல்லாரும் ஒண்ணுபோல போட்டா யாரைக் கூப்பிடுவாவ?"

இப்படி ஒரு விஷயம் ரீபா படித்த எந்தப் பாடத்திலும் வரவில்லை. சரி, அப்படியென்றால் உண்மையான காரணம் என்ன என்று கேட்க வாயெடுத்தபோது பின் இருக்கையிலிருந்து ஒரு சத்தம்.

"ஏட்டி, அங்கன பாருங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் நம்ம பஸ் பின்னாலயே வாராரு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரீபாவும் பார்த்தாள். பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

"எங்கப்பா" என்றாள்.

பஸ்ஸே அதிரும்படி சிரிப்பு. பேச்சிக்கனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உனக்கு அப்பா வாராரு. எங்க அப்பாமாருக்கு வண்டியும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால அவளுக்கு இவ, இவளுக்கு அவ. பஸ்ஸை விட்டு எறங்கி வீட்டுக்கு நடக்கணும்லா? தெருவுல கூட ஒருத்தி வந்தாத்தான் வேலைக்கு விடுவாவ. என் கூட கோமதி வாரா. அவளுக்குக் கல்யாணம் வச்சாச்சு. சனிக்கிழமையோட அவ நிக்கா, நானும் நிக்கேன்."

"உங்களுக்கு வேலை பிடிக்கலையா?"

"எனக்கா? கேன்டீன் சாப்பாடுகூட நல்லாத்தான் இருக்கு" என்றாள் பேச்சிக்கனி. இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அன்று ரீபா இருக்கை இருக்கையாக நகர்ந்தாள். டிக் போடச் சொல்லவில்லை. கடைசியாக உங்கள் தெருவில் வேலையை விட்டது யார், அவள் கூட வந்தவள் யார் என்று மட்டும் கேட்டாள். பிறகு முக்கூடல் பஸ்ஸிலும் ஏறிக் கேட்டாள். யாரும் யாரையும் தூண்டிவிடவில்லை. ஒருத்திக்குக் கல்யாணமோ பிரசவமோ வந்தால், காரணமே இல்லாத இன்னொருத்தியும் நின்றாள். தானாக ஒன்றைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சுகமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே ரீபா ஊர் திரும்பினாள்.

பழைய கேள்வித்தாள்கள் குப்பைக்குப் போயின. ஜோடி ஜோடியாகப் போட்ட ஒரே ஓர் அட்டவணையைப் பார்த்து ஞானசம்பந்தன் சார் முகம் சுளித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். வைவாவில் கேள்வி கேட்க வெளியிலிருந்து வந்தவர், "இது மேனேஜ்மென்ட்டாம்மா?" என்று இழுத்தார். "ஒரு ஆள் நின்னா ரெண்டு மெஷின் நிக்குது சார். ஒருத்தி நிக்கப்போறான்னு தெரிஞ்சதும் அவ ஜோடிக்குப் பக்கத்துத் தெருவுல வேற துணையத் தேடிக் குடுத்தா, ஒண்ணுதான் நிக்கும்" என்றாள் ரீபா. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மாரிராஜ் அதை இரண்டு தடவை படித்தார். அவர் சொன்ன வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னாள். சாரம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "கூட யாரு வாரா?" என்றாள்.

ரீபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன்பே கோபமும் வந்தது. பட்டம் வாங்கி என்ன, அறிக்கை எழுதி என்ன! அந்த அட்டவணையில் அவள் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்திருக்கலாம். தினமும் வண்டியில் பின்னால் வர முடியாது, இடுப்பு போய்விடும் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அழுது பயனில்லை. துணை இல்லாமல் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை ரீபாவுக்குத் தெரியும். அவள் திரும்ப வந்தால் எடுத்துக்கொள்வதாக மாரிராஜும் சொல்லியிருந்தார்.

"வாய்க்கால் கரையா? அங்கன நாம யாரு வீட்டுக்கும் போனதில்லையேட்டி" என்று சாரம்மாள் தயங்கினாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் மகளோடு நடந்தாள்.

பேச்சிக்கனியின் அம்மா ஆவுடையம்மாள் டீச்சருக்கு நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். சங்கதியைக் கேட்டதும் முகம் மலரவில்லை.

"நல்லதுதான் டீச்சர். ஆனா ஒண்ணு கேக்கணும். உங்க பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குதியளா?"

சாரம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தப்பா நினைக்காதிய. கோமதி பாதியில போனா, எம்பிள்ள பொழப்பு போச்சு. மறுபடியும் இவ கூட அனுப்பி, ஆறு மாசத்துல இவளும் கட்டிக்கிட்டுப் போயிட்டா, நான் யாரைத் தேட? ரெண்டு வருசத்துக்குக் கல்யாணம் இல்லன்னு சொல்லுங்க, நாளைக்கே அனுப்புதேன். சொல்ல முடியாதுன்னா வேண்டாம்."

கதவோரம் நின்ற பேச்சிக்கனி தலை நிமிரவில்லை. ரீபா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவோரம் நின்றவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாரம்மாள் பொய் சொல்லி ரீபா பார்த்ததில்லை.

"ரெண்டு வருசத்துக்கு இல்லம்மா" என்றாள் சாரம்மாள். "நாசரேத்துல ஒரு இடம் கேட்டிருந்தாவ. இன்னைக்கே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிருதேன்."

ஆவுடையம்மாள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். "ஏளா, கம்பெனி உடுப்பை எடுத்து நனைச்சுப் போடு."