கொள்ளிடத்து நீர்நாய்களும் ஷஹனாஸும்

ஷஹனாஸ் மறுபடியும் வேலை தேடக் கிளம்பியபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் படிப்பை முதல் வகுப்பில் முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்கியவள். பிறகு கணவர் ஷேக் தாவூதோடு தம்மாமுக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தாள். அங்கே அவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்ததும் குடும்பமே திருச்சிக்குத் திரும்பியது. ஷேக் தாவூது சிங்காரத்தோப்பில் செல்போன் பழுது பார்க்கும் கடை போட்டார். ஷஹனாஸ் பாலக்கரை வீட்டிலிருந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள்.

எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "நடுவுல பெரிய கேப் இருக்கே மேடம், என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பிள்ளைங்களை வளர்த்தேன்" என்று உண்மையைச் சொல்வாள். எதிரில் இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்த சிறிய அமைப்பு ஒன்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது. காட்டு விலங்குகளையும் நீர்நிலைகளையும் ஆராய்பவர்கள். அதை நடத்திய டாக்டர் அக்னஸ், ஷஹனாஸின் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐந்து வருஷமா கொள்ளிடத்துல நீர்நாய் பார்த்தவங்க பதிஞ்சு வச்சது. மேப்ல போட்டுப் பார்த்தா ஒண்ணும் உருப்படலை. என்ன கோளாறுன்னு சொல்ல முடியுமா?"

ஷஹனாஸ் மேப்பைப் பார்த்தாள். கொள்ளிடத்தில் கொஞ்சம் புள்ளிகள் இருந்தன. மணப்பாறைப் பக்கத்து வறண்ட மேட்டில் ஒரு கும்பல். எண்ணிக்கைப்படி மீதியிருந்த புள்ளிகளைக் காணாமல் மேப்பைச் சுருக்கிக்கொண்டே போனாள். அவை வட துருவத்துக்குக் கிட்டே பனிக்கடலில் நின்றன. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நம்ம நீர்நாய் ஐஸ்ல நீந்துது மேடம். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. மணப்பாறைல இருக்கிறது வேற தப்பு. பத்து டிகிரி ஐம்பத்திரண்டு நிமிஷம்னு இருந்ததை, அறுபதால வகுக்காம, அப்படியே 10.52ன்னு புள்ளி வச்சு எழுதிட்டாங்க. பேரைப் பாருங்க, ஒருத்தர் நீர்நாய்ங்கிறார், ஒருத்தர் ஆத்துநாய்ங்கிறார், இங்கிலீஷ்லயே நாலு விதமா எழுத்துக்கூட்டி இருக்காங்க. கம்ப்யூட்டர் இதெல்லாம் வேற வேற மிருகம்னுதான் நினைக்கும்."

அக்னஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எப்போ சேர்றீங்க?"

வேலை நீர்நாயோடு முடிவதாக இல்லை. மேற்கு மலையில் ஒரு தேசியப் பூங்காவுக்காக அக்னஸின் அமைப்பு ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. அந்தப் பூங்காவில் கேமராவில் விழும் புலி ஓர் அதிகாரியின் கம்ப்யூட்டரில் இருக்கும், யானைத் தடம் இன்னொருவரிடம், ஓடைகளின் நீர்மட்டம் மூன்றாமவரிடம். ஒருவர் மாற்றலாகிப் போனால் அவர் சேர்த்த விவரமும் கூடவே போய்விடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, பிழை களைந்து, யார் கேட்டாலும் உடனே மேப்பில் காட்ட வேண்டும். முதலில் பக்கத்திலேயே, முக்கொம்பிலிருந்து ஸ்ரீரங்கம் வரையிலான கொள்ளிடத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. பூங்கா நிர்வாகம் பெரிய கம்பெனி ஒன்றின் கருவியையும் கேட்டிருந்தது. கோடை முடிவில் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள்.

ஷஹனாஸ் எழுதிய செயலிக்குக் 'கரை' என்று பெயர் வைத்தார்கள். ஷேக் தாவூதின் கடையில் கிடந்த பழைய போன்களில்தான் அவள் அதை ஓட்டிப் பார்த்தாள். திரை விரிசல் விட்டது, பேட்டரி உப்பியது, பொத்தான் செத்தது எதையும் விடவில்லை. "இந்த ஓட்டைப் போன்ல ஓடிச்சுன்னா எதுலயும் ஓடும் ஷானு" என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

அத்தனையும் செய்துகொண்டு போனவளை ஆற்றங்கரை ஆட்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையோரம் நடந்து விலங்குகளைக் கண்காணிக்கும் வாட்சர்கள் அவர்கள். முன்னால் நின்றவர் வீரமலை, மண்ணச்சநல்லூர் பக்கத்துக்காரர். போனை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு அவளிடமே நீட்டினார்.

"வேணாங்க மேடம்."

"ஏங்க? தமிழ்லதான இருக்கு?"

"தமிழ்லதான் இருக்கு. நாங்க எங்க நிக்கிறோம், எப்ப உக்காந்தோம்னும் இதுல தெரியுமில்ல? போன தடவை இப்படித்தான் ஒண்ணு குடுத்தாங்க. மிருகத்தைப் பார்க்கத்தான்னு சொன்னாங்க. கடைசில எங்களைத்தான் பார்த்தாங்க. வெயிலுக்கு மரத்தடில நின்னதுக்கெல்லாம் கேள்வி."

ஷஹனாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீரமலை சொன்னது பொய்யில்லை. வழித்தடம் முழுவதும் தானாகப் பதிவாகும்படித்தான் அவள் எழுதியிருந்தாள். மேப்பில் அழகாக இருக்கும் என்று நினைத்தாளே தவிர, அந்தக் கோட்டில் நடப்பவர் ஒரு மனிதர் என்று நினைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அந்தப் பகுதியை முழுசாக அழித்தாள். எதையாவது பார்த்து அவர்களாகப் பொத்தானை அழுத்தினால் அந்த இடம் மட்டும் பதிவாகும். மற்ற நேரத்தில் போனுக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அக்னஸிடம் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கினார்.

"பூங்காக்காரங்க அந்த வழித்தடத்தைக் கேப்பாங்களே?"

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் மேடம். ஆளுங்க நம்பாம பதியற விவரம் நமக்கு எதுக்கு?"

மறுவாரம் அவளும் அவர்களோடு நடக்கப் போனாள். நாணலுக்குள் கால் புதைந்தது, துப்பட்டா முள்ளில் மாட்டியது. கை நனைந்திருந்தால் திரையைத் தொட முடியாது என்பது அவளுக்கு அங்கேதான் புரிந்தது; போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பேசினாலே பதிவாகும்படி மாற்றினாள். அவரவர் வாயில் வரும் பெயரைச் சொல்லலாம், ஆத்துநாய் என்றாலும் நீர்நாய் என்றாலும் செயலி ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டாலும் மேப் திறக்கும். சிக்னல் கிடைத்ததும் விவரம் தானாக ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடும். மழைக்காலம் முடிவதற்குள் வீரமலை அவளை மேடம் என்று கூப்பிடுவதை விட்டு, தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். போனையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

தை பிறந்தது. பழைய ஐந்து வருஷத்து விவரத்தை ஷஹனாஸ் சுத்தம் செய்து முடித்து, புதியவற்றோடு சேர்த்து மேப்பில் ஏற்றினாள். பனிக்கடலில் நின்றவையும் மணப்பாறையில் நின்றவையும் ஒரே நொடியில் கொள்ளிடத்துக்குத் திரும்பி வந்தன. வந்தவை அங்கங்கே சிதறவும் இல்லை. வடகரையில், ஆறு வளைகிற ஓர் இடத்தில், மருத மரங்களின் வேர்கள் தண்ணீர் வரை இறங்கும் சரிவில் போய்க் குவிந்தன. ஒவ்வொரு வருஷமும் தை, மாசியில் மட்டும் அந்த இடம் அடர்ந்தது.

"மேடம், இங்க வாங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அக்னஸ் டீ டம்ளரோடு ஓடி வந்தார்.

திரையைப் பார்த்த அக்னஸின் குரல் தணிந்தது. "குட்டி போடற இடம். இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன் ஷஹனாஸ். இங்கதான் இருந்திருக்கு."

விடியற்காலையில் வீரமலையும் இன்னொரு வாட்சரும் சரிவுக்குப் பக்கத்து நாணலில் மறைந்திருந்து பார்த்தார்கள். வேர்களுக்கு அடியில் இருந்த வளைக்குள் தாய் நீர்நாய் மீனைக் கவ்விக்கொண்டு நுழைந்தது. உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று குட்டிகளின் சத்தம். அதை அப்படியே பதிந்து அனுப்பினார் வீரமலை. ஷஹனாஸ் அடுப்படியில் நின்று, போனைக் காதோடு வைத்து, அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு பெண்களையும் எழுப்பிக் காதில் வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி வீரமலை போன் செய்தார்.

"தங்கச்சி, வளைவுல பொக்லைன் இறங்குது. கரையைப் பலப்படுத்தப் போறாங்களாம். சரிவைச் செதுக்கிட்டு கல் பதிக்கப் போறாங்களாம். உடனே வாங்க."

அக்னஸ் கூட்டம் ஒன்றுக்காகச் சென்னை போயிருந்தார். ஷஹனாஸ் கடைக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொல்லவும், அவர் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள்.

பொக்லைன் லாரியிலிருந்து இறங்கி நின்றது. வேலையைக் கவனிக்கும் பொறியாளர் ரெங்கராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். ஷஹனாஸ் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. அந்தச் சரிவுல நீர்நாய் குட்டி போட்டிருக்கு."

ரெங்கராஜ் கோபப்படவில்லை. "பாவந்தாம்மா. ஆனா போன வெள்ளத்துல இந்தக் கரை அரிச்சது உங்களுக்குத் தெரியுமா? அடுத்த தண்ணி வர்றதுக்குள்ள முடிக்கலைன்னா அந்தப் பக்கம் வயலெல்லாம் போயிடும். யாரோ பார்த்தாங்கன்னு வேலையை நிறுத்த முடியாது. ஆதாரம் இருந்தா காட்டுங்க."

ஷஹனாஸ் தன் போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை; இருந்தாலும் மேப் திறந்தது. வருஷத்தை மாற்றி மாற்றிக் காட்டினாள். ஒவ்வொரு வருஷமும் தை பிறந்ததும் புள்ளிகள் இந்த வளைவுக்கு வந்து சேர்ந்தன. பங்குனியில் குட்டிகளோடு கீழ்ப்பக்கத்து மணல் திட்டுகளுக்கு நகர்ந்தன. புள்ளியைத் தொட்டால் யார் பார்த்தார்கள், எப்போது, படம், எல்லாம் விரிந்தது. கடைசியாக வீரமலை பதிந்த சத்தத்தை ஒலிக்கவிட்டாள்.

பொக்லைன் டிரைவர் கையிலிருந்த பீடியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேலை வேண்டாம்னு நான் சொல்லலை சார்" என்றாள் ஷஹனாஸ். "கரை உடைஞ்சா அதுங்களுக்கும் கேடுதான். பங்குனில தானாவே போயிடும். நீங்க கிழக்கு முனைலேருந்து ஆரம்பிச்சா, இந்த வளைவுக்கு வர்றதுக்குள்ள வளை காலியாயிடும். மருத வேரை மட்டும் விட்டுட்டுக் கல் பதிக்க முடியுமான்னு பாருங்க."

ரெங்கராஜ் போனை வாங்கித் தானே வருஷங்களைத் தள்ளிப் பார்த்தார். "இது நல்லாயிருக்கே. எந்த மாசம் எங்க வேலை செய்யலாம்னு இதுலயே தெரியுதே! எனக்கும் இதைப் போட்டுக் குடுங்கம்மா." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "வண்டியைக் கிழக்குப் பக்கம் விடுப்பா. அங்கேருந்து வருவோம்."

பொக்லைன் உறுமிக்கொண்டு கிழக்கே திரும்பிப் போனது. "மாஷா அல்லாஹ்!" என்று ஷேக் தாவூது கத்தியதில் மரத்திலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. வீரமலை தலைத் துண்டை அவிழ்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஷஹனாஸ் மணலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பங்குனியில் பூங்கா அதிகாரிகள் சோதனையைப் பார்க்க நேரில் வந்தார்கள். பெரிய கம்பெனியின் செயலி ஆற்றுப் படுகையில் இறங்கியதும் சுற்றிக்கொண்டே நின்றது. சிக்னல் உள்ள மேட்டுக்கு ஏறினால்தான் திறந்தது. அதிகாரிகளின் தலைவி பானுமதி, ஷஹனாஸிடம் நேராகவே கேட்டார்.

"உங்க கருவில ஆட்களோட வழித்தடம் வரலையே. ரோந்து போனாங்களான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"முன்னாடி வழித்தடம் பதிஞ்ச காலத்துல எத்தனை விவரம் வந்தது, இப்ப எத்தனை வருதுன்னு நீங்களே பாருங்க மேடம். பார்த்ததை மறைக்காம சொல்றாங்க. எதையும் காணாத நாளைக்கூட 'இன்னைக்கு ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லிப் பதியறாங்க. அதுவும் நமக்கு விவரந்தான்."

பானுமதி பதில் சொல்ல வாயெடுத்தார். வீரமலை கையைக் காட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். வளைவிலிருந்து தாய் நீர்நாய் தண்ணீரில் இறங்கியது; பின்னாலேயே குட்டிகள் ஒன்றன் வால் பிடித்த மாதிரி ஒன்று வரிசையாக இறங்கி, முங்கி, எழுந்து, கீழ்ப்பக்கத்து மணல் திட்டை நோக்கி நீந்தின. பானுமதி தன் கையிலிருந்த போனில் 'கரை'யைத் திறந்து, பொத்தானை அழுத்தி, மெதுவாக, "ஆத்துநாய், குட்டிகளோட" என்றார். புள்ளி சரியான இடத்தில் விழுந்தது.

'கரை'யையே எடுத்துக்கொள்கிறோம் என்ற முடிவு, கடிதமாக வருவதற்கு முன்பே போனில் வந்துவிட்டது. அன்று முக்கொம்பில் எல்லோரும் கூடினார்கள். வாட்சர்கள், அக்னஸ், ரெங்கராஜ், ஷஹனாஸின் குடும்பம் எல்லோரும் அங்கே அணைக்கட்டுப் பூங்காவின் மரத்தடியில் உட்கார்ந்து சுடச்சுட வறுத்த மீனைத் தின்றார்கள். "நீர்நாய்க்குப் போட்டியா இறங்கிட்டோம்" என்று அக்னஸ் சொல்ல, வீரமலைக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஆவணியில் மலைமேல் பூங்கா அரங்கத்தில் பயிற்சி. மேடையில் நின்றவள் ஷஹனாஸ். கூட வந்து செய்து காட்டியவர் வீரமலை. காவலர்களும் மலைக்குடி வழிகாட்டிகளும் காலையில் போன்களோடு காட்டுக்குள் போய், மதியம் அரங்கத்துக்குத் திரும்பினார்கள். சிக்னல் கிடைத்ததும் சுவரில் விரிந்திருந்த மேப்பில் புள்ளிகள் பொலபொலவென்று விழுந்தன. ஓடைக்கரையில் காட்டெருமை, மூங்கில் காட்டில் யானைச் சாணம், அத்தி மரத்தில் இருவாச்சிப் பறவை. வழிகாட்டிப் பெண் ஒருத்தி தங்கள் மொழியில் சொன்ன ஒரு பறவையின் பெயர், முதல்முறையாக அந்தப் பூங்காவின் மேப்பில் எழுத்தாக வந்து நின்றது. அவள் எழுந்து நின்று, "அது நான் சொன்னது!" என்று கூவினாள். அரங்கமே கைதட்டியது. ஷஹனாஸும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.