டைம்கீப்பர் கடன்பட்டுப் பழகுகிறார்

முதலில் ஐம்பது சதக் காசை எடுத்து மேசையில் வைப்பார். பிறகுதான் உட்காருவார். அதற்கும் பிறகுதான், "நானா, ஒரு பிளேன்டீ" என்று குரல் கொடுப்பார். குடிப்பதற்கு முன்பே விலையைக் கொடுத்துவிடுகிற மனிதர் பதுளை பஸ் நிலையத்தில் இவர் ஒருவர்தான். ஒருநாள் கடைக்கார மொஹிதீன் நானாவின் அடுப்பு அணைந்துபோய், தேநீர் வர இருபது நிமிடமானது. காசு மேசையில் கிடந்தது. கபிரியேல் அதற்குக் காவல் இருந்தார்.

கபிரியேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் நிலையத்தின் டைம்கீப்பர். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், மணிக்கட்டின் உட்பக்கம் பார்க்கக் கட்டிய கடிகாரம். வெலிமடை பஸ்ஸில் லீக்ஸ் மூட்டை ஏற்றுகிற முதலாளிகள் எவ்வளவு கெஞ்சினாலும் நேரம் வந்தால் விசில் ஊதிவிடுவார். "ஒரு நிமிஷத்தக் கடனாக் குடுத்தா அத யாருங்க திருப்பித் தாறது?" என்பார். முதலாளிகள் மூட்டையோடு நிற்பார்கள்.

நானோ பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நானாவின் கடன் கொப்பியில் என் பெயருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வாத்தியார்கள் எதைத் தின்று வாழ்கிறார்கள் என்பது கடைக்காரர்களுக்குத்தான் வெளிச்சம். ஆகவே கபிரியேலோடு ஒரே மேசையில் உட்காருவதே எனக்குக் கூச்சம். ஏன் கடனே படுவதில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் அவர் துண்டைப் பற்றிச் சொன்னார்.

அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதானால், அவன் பட்ட கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார்கள்; அதற்குப் பெயரே துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும். கடன் தீரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். "எங்க தாத்தா கடன் வச்சிட்டு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல செத்துப்போனாரு. எங்கப்பாவுக்கு அப்பப் பதினாலு வயசுங்க. அந்தக் கடன அவரு பேர்ல மாத்தி எழுதி, எண்பத்தாறு ரூவாய்க்கு மடுல்சீமைக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். சந்தையில் கன்றுக்குட்டி வாங்கிய கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் மகள் அகஸ்டினாவுக்கு. ஒன்று, கண்டிப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்க இடம், செலவு சொற்பம். மருத்துவத்துக்கு அவளுக்கு நாலே நாலு புள்ளி குறைந்துவிட்டது. மற்றது, இந்தியாவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம். படித்து முடிக்க ஒரு லட்சத்து இருபதாயிரம். கபிரியேலின் சம்பளம் ஆயிரத்து நூறு. ஆனால் அகஸ்டினா ஏழு வயதிலேயே பிரம்பை வைத்துக் கட்டி நாயின் ஒடிந்த காலுக்கு வைத்தியம் பார்த்தவள். அவள் டாக்டராக வேண்டும் என்பது அந்த வீட்டில் ஜெபம்போல நாள்தோறும் சொல்லப்பட்டு வந்தது.

செய்தி பரவியதும் ஊரே கடன் கொடுக்க முண்டியடித்தது. வாழ்நாளில் ஒரு சதம் கடன்படாதவனுக்குக் கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்? மொஹிதீன் நானா முந்திக்கொண்டார். "என்னட்ட இருபதாயிரம் சல்லி ஈக்கு. வட்டி எங்களுக்கு ஹராம். மெல்ல மெல்லத் தாங்க."

கபிரியேல் பதறிப்போனார். "வட்டியில்லாத கடன் ஆபத்து நானா. எப்பக் குடுக்கணும்னு யாரு ஞாபகப்படுத்துறது?"

கடைசியில் வீட்டை ஈடு வைத்து வங்கியில் வாங்குவது என்று தீர்மானித்தார். தீர்மானித்த மறுநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், ஆழம் தெரியாமக் கால விடக் கூடாது. நான் மொதல்ல கொஞ்சம் பழகிக்கிறேன்."

அன்று காலை தேநீர் குடித்தார். காசு வைக்கவில்லை. "எழுதிக்கங்க நானா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் குதிக்கப் போகிறவர்போல வெளியே நடந்தார். நானா கொப்பியில் எழுதிக்கொண்டார். ஒன்பது மணிக்குள் கபிரியேல் திரும்பி ஓடிவந்து ஐம்பது சதத்தைக் கொடுத்துவிட்டார். இடைப்பட்ட நேரத்தில், இருபத்து மூன்று வருட வேலையில் முதல் தடவையாக, மடுல்சீமை பஸ்ஸை நாலு நிமிடம் முந்தி அனுப்பிவிட்டிருந்தார். கண்டக்டர் கையில் பாதி ரொட்டியோடு பஸ்ஸின் பின்னால் ஓடியதை நானே பார்த்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு தேநீர்க் கடனை மறுநாள் காலைவரை தாக்குப்பிடித்தார். மூன்றாம் வாரம் மூன்று நாள். நாலாம் வாரம் கடன் மூன்று ரூபாய் ஐம்பது சதம்வரை ஏறியது. ஆள் பாதியாக இளைத்துப்போனார். மனைவி பிரான்சிஸ்கா ஏதோ தீராத வியாதி என்று பயந்து கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினார். "இப்ப பரவாயில்ல சார், ராத்திரி ரெண்டு மணி நேரம் தூக்கம் வருது" என்றார் கபிரியேல் என்னிடம், பெருமையாக.

வங்கிக்கு ஜாமீன்காரனாக நானும் போனேன். எனக்கே ஜாமீன் நிற்க ஆள் கிடைக்காத காலம் அது. மேனேஜர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கபிரியேல் தயங்காமல் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பழக்கம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மேனேஜர் ஐந்தாவது தாளை நீட்டினார். படிக்கிற பிள்ளையும் இதில் கையெழுத்துப் போட வேண்டும், தகப்பன் இல்லாமல் போனால் மீதியை அவள் கட்டுவதாக என்று விளக்கினார்.

கபிரியேல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அகஸ்டினா என்ற பெயர். அதற்கு நேரே தொகை.

"ஐயா, எம்பேர்ல எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்கங்க. இந்தத் துண்டு மட்டும் வேணாம்."

"இது துண்டு இல்லை, படிவம்" என்றார் மேனேஜர். அந்தத் தாள் இல்லாமல் பணம் வராது என்றும் சொன்னார். கபிரியேல் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். வழியில் ஒரே ஒரு தடவை, "எம்புள்ள ஆசையில மண்ணப் போட்டுட்டேனா சார்?" என்று கேட்டார்.

வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "கையெழுத்துப் போடுறதும் விடுறதும் நீதான்மா சொல்லணும்."

அகஸ்டினா உள்ளே போய்ப் பழைய பஸ் நேர அட்டவணை ஒன்றை எடுத்துவந்தாள். அதன் முதுகில் கணக்கு ஏற்கெனவே போட்டிருந்தது. "வட்டியோட ரெண்டு லட்சம்ப்பா. நான் படிச்சு முடிச்சு மாசம் எண்ணூறு கட்டுனாலும் முடியிறப்ப எனக்கு நாப்பத்தாறு வயசு. டாக்டராவணும்னு ஆசைதான். ரெண்டு நாளா அழுதேன், உங்களுக்குத் தெரியாது. ஆனா நான் பேராதனைக்கே போறேன். அங்கயும் தவளைய அறுக்கத்தான் போறேன். கடனில்லாம அறுக்கலாம்."

கபிரியேலுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப நான் ஒரு மாசமாப் பழகுனதெல்லாம்?" என்றார். அன்று மாலையே மூன்று ரூபாய் ஐம்பது சதத்தையும் கொண்டுபோய் அடைத்தார். இருபதாயிரம் கொடுக்கக் காத்திருந்த நானாவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

அகஸ்டினா புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. ஆறு இருபது கண்டி பஸ். தகரப்பெட்டி பஸ்ஸின் மேல் ஏறியாயிற்று. அப்பாவும் மகளும் நானா கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தார்கள். மேசையில் காசு இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"நானா, இந்த ரெண்டு டீயும் எழுதிக்கங்க."

"உங்கட பேர்லயா?"

"இல்ல. அகஸ்டினா பேர்ல."

அகஸ்டினா திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா இது? எம்பேர்ல கடனே வேணாம்னு பேங்கிலேருந்து எந்திரிச்சு வந்தீங்க?"

"ஒரு ரூவாதானேம்மா. நத்தார் லீவுல வீட்டுக்கு வந்து ஒங்கையால குடு."

நானா புதுப் பக்கம் புரட்டி எழுதினார். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைப்பையில் கிடந்த ஒற்றை ரூபாயை எடுத்து நீட்டினேன், என் வாழ்நாளில் முதல் தடவையாக. கபிரியேல் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். பெயரும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். "வேற யாரு வந்து குடுத்தாலும் வாங்காதீங்க நானா" என்று சொல்லிக் கொப்பியைத் தானே மூடி வைத்துவிட்டு, சரியாக ஆறு இருபதுக்கு விசிலை ஊதினார்.