சுருளியாண்டி அண்ணன் டிராக்டருக்குப் போட்ட மூன்று சீல்கள்

டாக்டரிடம் போகிறவர் எங்கே வலிக்கிறது என்றாவது சொல்வார். டிராக்டரைக் கொண்டுவருகிறவர் சாவியை நம் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். உத்தமபாளையத்தில் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. என்னைப் போலவே ஸ்பேனரும் கையுமாகத் திட்டு வாங்குகிற மெக்கானிக்குகளான உங்களுக்கு இது புரியும் என்பதால் மனசுவிட்டுச் சொல்கிறேன்.

முதல் சீல்

சுருளியாண்டி அண்ணனுக்குக் கம்பம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். பந்தலுக்கடியில் நுழைந்து மருந்தடிக்க ஒரு பழைய குட்டி டிராக்டர். எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் ஒழுகுகிறது என்று ஓட்டிவந்தார். "எஞ்சின்ல ஏதாச்சும் கை வச்சீகளாண்ணே?" என்று கேட்டேன். "நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றார். வண்டியை நடுவில் பிரித்து, எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், நானே பார்த்து நல்லதாக வாங்கிப் போட்டு அனுப்பினேன்.

நாலாம் நாள் அதே ஒழுகல். என்னிடம் வந்து கேட்டிருக்கலாம் அல்லவா? நேரே டீக்கடைக்குப் போய்ப் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லியிருக்கிறார்: "தம்பி டூப்ளிகேட் சீலப் போட்டு ஒரிஜினல்னு சொல்லிட்டாப்ல."

இரண்டாவது சீல்

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மறுபடி பிரித்தேன், மறுபடி புது சீல். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாவது தடவை பிரித்தபோது, சீல் உட்காரும் ஷாஃப்ட் தேய்ந்திருக்குமோ என்று லேத் பட்டறை காதர் பாயைக் கூட்டிவந்து காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அளந்தார், கையைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள, ஷாஃப்ட்டுல ஒரு கோடுகூட இல்ல. கோளாறு இங்கன இல்ல, வேற எங்கிட்டோ இருக்கு."

மூன்றாவது சீல்

பாய் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ரோஷம் கேட்கவிடவில்லை. பசை தடவி மூன்றாவது சீலையும் மாட்டினேன். இரண்டே நாளில் ஆயில் அளவு பார்க்கிற கம்பி தானாகவே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, பானெட் முழுக்க எண்ணெய்க் குளியல்.

அதற்குள் தேனியில் யாரோ ஒரு மெக்கானிக், வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அண்ணனிடம் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும், பத்து நாள் ஆகும். பழமோ திரண்டு நிற்கிறது. மலைப்பக்கம் மேகம் கூடிவிட்டது. மழைக்கு முன்னால் மருந்தடிக்காவிட்டால் பூஞ்சை விழுந்து கொத்துக் கொத்தாய் அழுகிவிடும். ஊரெல்லாம் என்னைத் திட்டின மனிதர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். "எஞ்சின எறக்குனா என் வருசப் பாடு போச்சு தம்பி. எறக்காமச் சரிபண்ண வழி இருந்தாச் சொல்லு."

குழாய்க்குள் இருந்தது

மறுநாள் காலையில் தோட்டத்துக்கே போனேன். எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி வாய்மேல் கவிழ்த்து வைத்தேன். தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. உள்ளே காற்று அடைபட்டுக் கிடக்கிறது; அதுதான் சீலைத் தள்ளி எண்ணெயை வெளியேற்றுகிறது. ரிங் தேய்ந்து மேலிருந்து புகை இறங்க வேண்டும், அல்லது அதை வெளியேற்றுகிற குழாய் அடைத்திருக்க வேண்டும். ரிங் போன வண்டி நீலமாய்ப் புகைக்கும், கிளம்ப மக்கர் பண்ணும். இதுவோ சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, இழுவையும் குறையவில்லை. மூடியைத் திறந்தே வைத்து ஓட்டினால் பின்பக்க ஒழுகலும் நின்றது.

எஞ்சின் தலையில், உள்ளே சேரும் புகையை வெளியே விடுகிற பிரீதர் குழாயின் ரப்பரை உருவினேன். உள்ளே மக்காச்சோளக் கட்டை! துணி சுற்றி, அடித்து இறுக்கி, அதன்மேல் சைக்கிள் டியூப் கட்டியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாருண்ணே இத அடைச்சது?" என்று கத்தினேன்.

"நாந்தான்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "அதுல வர்ற புகை கொத்துல படுது. பழத்து மேல வெள்ளையா இருக்க மாவெல்லாம் போயிருது. வியாபாரி மோந்து பாத்துட்டு, டீசல் வாடை அடிக்குதுன்னு போயிட்டாக. அது புகை போற குழாய்தான தம்பி, எஞ்சினா?"

கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். புகை பழத்தில் படாதபடி நீள ஹோஸ் ஒன்றை மாட்டித் தரைக்கு இறக்கினேன். மதியத்துக்குள் இரண்டு ஏக்கரும் மருந்தடித்தாகிவிட்டது. வண்டிக்கடியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சாயங்காலம் மழை கொட்டியது. பந்தலுக்கடியில் நனைந்துகொண்டே, மூன்று சீலுக்கும் டீக்கடைப் பேச்சுக்கும் சேர்த்து அவரைத் திட்டித் தீர்த்தேன். அவரோ நல்ல கொத்தாக ஒன்றைப் பறித்து என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நான் வெவரமில்லாம அடைச்சுப்புட்டேன், சரி. மூணு வாட்டி வண்டியப் பிரிச்சு மாட்டுனியே, நீ ஒரு வாட்டிகூட இந்தக் குழாயக் கழட்டிப் பாக்கலையா தம்பி?"

இப்போதெல்லாம் டயர் பஞ்சர் என்று வருகிற டிராக்டருக்கும் நான் முதலில் அந்தக் குழாயைத்தான் ஊதிப் பார்க்கிறேன்.