மாடிக்குப் போன அம்மாவின் குரல்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மண்டலகால பஜனையில் அடியெடுத்துக் கொடுப்பது அம்மாதான். அவள் ஒரு வரி பாட, கூடியிருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். முடிந்ததும் முதல் சந்தனம் அம்மாவுக்கு. அந்த வருஷம் முழங்காலில் ஆபரேஷன் ஆகி, மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஜனை நடப்பதோ மாடிக் கூடத்தில். கீழ் அறைகளில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே மூச்சு முட்டும்.

“மன்னி கீழயே ரெஸ்ட் எடுக்கட்டும், நான் எடுத்துக் குடுக்கறேன்” என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு ரொம்ப நாளாகவே அதில் ஒரு கண். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ரிசீவர் மாடியில் இருந்தது. கீழே அம்மா அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டுகளை நெட்வொர்க் வயர் வழியாக வாங்கி மாடி ஸ்பீக்கரில் பாடும். பாட்டு போகுமென்றால் அம்மா குரல் போகாதா? மிளகுக் கம்பெனி வேலை முடிந்து வந்து தினமும் அதோடு மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் செருகி, எங்கள் வீட்டுக்குள் மட்டும் கேட்கும் ரேடியோ ஸ்டேஷன் ஒன்றைக் கடைசியில் நடத்தியே விட்டேன்.

சனிக்கிழமை பஜனையில் முதல் பாட்டிலேயே மானம் போயிற்று. அம்மா பாடுவது ரிசீவரில் சில வினாடி பிந்தித்தான் வந்தது. படிப் பக்கம் இருந்தவர்கள் நேராகக் கேட்ட குரலுக்குப் பாட, மற்றவர்கள் ஸ்பீக்கருக்குப் பாட, அவர்கள் முடிப்பதற்குள் அம்மா வழக்கம்போல அடுத்த அடி எடுக்க, ஒரே சந்தைக்கடை.

“நான் அப்பவே சொன்னேனாக்கும்” என்று மேலிருந்து அத்தையின் குரல்.

ஓடிப்போய் மாடிப்படிக் கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டு மாடித்தளம் மரப்பலகை. அம்மாவின் ஒற்றைக் குரல் அதைத் தாண்டாது. கூட்டமாகப் பாடுவதும் ஜால்ராவும் மட்டும் கீழே இறங்கும்.

“அவா பாடி முடிச்சு, ஜால்ரா மட்டும் கேக்கறச்சே அடுத்த அடி எடும்மா.”

“அது எனக்குத் தெரியாதாடி?” என்றாள் அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு மேலே காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் பொறுமையாகக் காத்திருந்தாள். காலமெல்லாம் பாடிய பழக்கத்தை ஒரே பாட்டில் மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு ஒரு பிசிறு இல்லை. என் அம்மா என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு.

மங்களம் பாடியதும் மேலே போனேன். பழக்கதோஷம், குரல் வந்த இடமென்று யாரோ ரிசீவருக்குச் சந்தனம் இட்டுப் பூவும் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பாடினவ கீழன்னா இருக்கா” என்று படியிறங்கினாள். பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள்.

அத்தை விரலில் சந்தனத்தோடு குனிந்தபோது, அம்மா அவள் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள்.

“மொதல்ல இவளுக்கு வை.”

அம்மா இருக்கும்போது அந்த வீட்டில் முதல் சந்தனம் வேறு நெற்றிக்குப் போனது அந்த ஒருநாள்தான்.