வெள்ளிக்கிழமைக்காரனின் அம்மா

கோல்பி லாட்னர் இடது கையால் முள்கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறான் என்ற செய்தி வியாழக்கிழமை காலையில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது. பார்த்தவர் யாரும் வந்து சொல்லவில்லை. கல்லூரி மைதானத்தில் புல் வெட்டுகிற ஒருவர் தன் மைத்துனியிடம் சொல்ல, அவள் கோழி பொரித்து விற்கிற கடையில் சொல்ல, அங்கே வரிசையில் நின்ற ஓடிஸ் கிரிம்ஸ்லி ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த சாக்கில் அதை என் மேசை மேல் இறக்கிவைத்தார். கோல்பி வலக்கைக்காரன். எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் முதல் பந்துவீச்சாளன். மறுநாள் இரண்டு மணிக்குத் தேசியப் போட்டியின் முதல் சுற்று, அதுவும் எங்கள் ஊரிலேயே.

ஓடிஸ் சொன்னது என்னிடம்தான். ஆனால் எனக்கு மூன்றடி பின்னால், தட்டில் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தவள் கோல்பியின் அம்மா நோரீன். மாத்திரைகள் சரியும் சத்தம் நின்றது. பிறகு முதலிலிருந்து தொடங்கியது. பத்தொன்பது வருடமாக அந்தத் தட்டின் முன்னால் நிற்கிறவள். நான் மருந்தாளுநராக இந்த மிசிசிப்பி ஊருக்கு வந்த இத்தனை காலத்தில் அவள் கணக்கை விட்டுவிட்டு மறுபடி எண்ணியதை அன்றுதான் பார்த்தேன்.

நோரீன் எதையும் எண்ணுவாள். மகன் ஒன்பது வயதில் பந்து வீசத் தொடங்கிய நாளிலிருந்து, வாயிலில் ஆள் எண்ண வைத்திருப்பார்களே, அந்தச் சின்னக் கருவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு 'டிக்'. கைதட்ட மாட்டாள், கூவ மாட்டாள். அவள் கணவர் டூயி மரலாரி ஓட்டுகிறவர். இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று மைதானத்தின் கடைசியில் கறி சுடுகிறவர்களோடு போய் நின்றுகொள்வார்.

கல்லாவுக்கு முன்னால் ஓடிஸ் இன்னும் நகரவில்லை. எங்கள் கல்லூரி ஆடுகிற, பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு நாட்டிலேயே பலமானது என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. போன வருடம் எங்கள் கூட்டமைப்பிலிருந்து எட்டு அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின. முதல் வாரத்தைத் தாண்டியது ஒன்று.

"நம்ம பசங்க மார்ச்சுலேருந்து ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுத் தின்னுட்டு, ஜூன்ல பல்லு இல்லாம வந்து நிக்கிறானுங்க," என்றார். "எதிர்ல வர்றவன் பத்து நாளா மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு, தெம்பா வர்றான். அப்புறம் ஐயோ தோத்துட்டோம்னா?"

சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் சொன்னது அப்படியே கோல்பியின் கதை. பத்து வாரம், வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதிரணியின் மிகச் சிறந்தவனுக்கு எதிராக அவன். எளிதான வாரம் என்று ஒன்று கிடையாது. அது முடிந்து போன வாரம் கூட்டமைப்பின் கோப்பை. இன்னும் இரண்டு வெற்றி இருந்தால் தேசியச் சுற்று சொந்த மைதானத்துக்கு வரும் என்ற நிலை. பயிற்சியாளர் ப்ரூயிட் அவனைச் செவ்வாய்க்கிழமை இறக்கினார். நூற்றி நான்கு வீச்சு. அது போதாதென்று சனிக்கிழமை கடைசி நேரத்தில் மறுபடி இறக்கினார். முப்பத்தெட்டு. இரண்டும் நோரீனின் கணக்கு. ஜெயித்தோம். சுற்று எங்கள் ஊருக்கு வந்தது. ஊரே தேவாலய மணியடித்துக் கொண்டாடியது. அதற்கு விலை எந்தக் கையிலிருந்து போயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்கக்கூடாது என்பது இங்கே வழக்கம். பந்து வீசுகிறவனிடம் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் வீசுகிற நாளில் பெற்றவர்கள்கூடத் தொலைபேசியில் அழைப்பதில்லை. வந்த புதிதில் இது தெரியாமல், கடைக்கு வந்த ஒரு பையனிடம் தோள் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். கடையில் இருந்த மூன்று பேரும் ஏதோ சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வாயை மூடக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே நோரீன் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரைப் புட்டியை எடுத்துத் தட்டில் கொட்டினாள். ஐந்தைந்தாகத் தள்ளினாள். நான்கு தள்ளல், மிச்சம் ஒன்று.

"ஈஸ்டருக்கு வாங்கினது," என்றாள். "இருநூறு. டூயி முதுகுவலிக்கு ஒரு பத்து போட்டிருப்பாரு. நான் நாலு. திங்கக்கிழமை ஆனா துணி துவைக்கக் கோல்பி வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான். மிச்சம் நூத்தி அறுபத்தஞ்சு எங்க போச்சு கண்ணு?"

வாரத்துக்கு இருபதுக்கு மேல். எட்டு வாரமாக. அந்த மாத்திரை கெடுக்கிற சிறுநீரகத்தை நினைத்தது பிறகுதான். முதலில் நினைத்தது முழங்கையை. வலிதான் ஒரு வீச்சாளனைப் பிடித்து நிறுத்தும். அதை மாத்திரை போட்டு ஊமையாக்கிவிட்டால், உள்ளே நார் நாராகக் கிழிவது அவனுக்கே தெரியாது. தெரியும்போது முழுதாக அறுந்திருக்கும்.

உடனே அவனை அழையுங்கள் என்றேன். அவள் தலையை அசைத்தாள். ஆட்ட நாளில் பையன்களின் போனையெல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுவார்கள் என்றாள். டூயியிடம் நேற்றிரவே சொல்லிப் பார்த்தாளாம். ஜூலையில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கப்போகிறார்கள், முழங்கை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பையன் பெயரை அடித்துவிடுவார்கள், நீ இன்று வாயைத் திறந்து அவன் தோற்றால் உன்னால் தோற்றான் என்றுதான் ஆகும் என்றாராம்.

"போன திங்கக்கிழமை துணி மடிச்சுக்கிட்டே அவன் முகத்தப் பாத்தேன். ஏதாவது சொல்லணுமாடான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கம்மான்னான். அதுக்கு மேல கேக்கத் தெரியல," என்றாள். "பன்னண்டு வருஷமா கேக்காமலே இருந்துட்டேன் பாரு."

மாத்திரைகளைத் திரும்பப் புட்டியில் போட்டாள். ஒன்று தவறித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "மதியம் நீயும் வர்றியா?" என்றாள்.

அன்று மதியம் கடைத்தெரு முழுவதும் பூட்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரணி வடக்கே எங்கோ ஒரு சின்னக் கல்லூரி, இங்கே ஆட வந்த நான்கு அணிகளில் கடைசி என்று தரம் பிரிக்கப்பட்டவர்கள். போன வருடம் இதேபோல ஓர் அணியைக் குறைத்து எடைபோட்டு, கோல்பியை மறுநாளுக்கென்று ஒதுக்கிவைத்து ப்ரூயிட் அவமானப்பட்டார். அந்தப் பயத்தில் இந்த முறை அவனையே முதலில் இறக்கினார்.

அவர்களுடைய வீச்சாளன் ஒல்லியான இடக்கைக்காரன், பத்து நாள் ஓய்வில் வந்தவன். பந்து மெதுவாக, வழி கேட்டுக் கேட்டு வருவதுபோல் வந்தது. எங்கள் மட்டையாளர்கள் வருடம் முழுவதும் மணிக்குத் தொண்ணூற்றைந்து மைலுக்குக் கண்ணைப் பழக்கியவர்கள். பந்து வருவதற்குள் மட்டையை வீசி முடித்துவிட்டு, கோபத்தில் அதைத் தரையில் குத்தினார்கள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. சுற்றிலும் பன்னிரண்டாயிரம் பேர் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

நான் வேகப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்பியின் முதல் வீச்சு தொண்ணூற்றைந்து. மூன்றாவது இன்னிங்ஸில் தொண்ணூற்றொன்று. நான்காவதில் எண்பத்தெட்டு. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வலக்கையைத் தொங்கவிட்டு, தண்ணீர் உதறுவதுபோல் உதறினான். ஓட்டக் கணக்கில் ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம்.

பின்வரிசையில் ஒருவன், "என்ன, பணக்காரன் ஆகப்போற பையனுக்குக் கால் நடுங்குதா?" என்றான். நோரீன் திரும்பவில்லை. விரல் மட்டும் அழுத்தியது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

அடுத்த வீச்சு, எதிரே பந்து பிடிப்பவனின் தலைக்கு மேல் போய்ப் பின்வலையில் அடித்தது. பலகையில் எண்பத்து நான்கு. கோல்பி திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தான். ஒரு நொடிதான். அரங்கத்தில் யார் பார்த்தார்களோ தெரியாது.

நோரீன் எழுந்தாள். மகன் வீசும்போது இன்னிங்ஸ் பாதியில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பையில் துழாவினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். அணியின் வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் விட்னி ஸ்ப்ரௌல். பருவத் தொடக்கத்தில் பெற்றோர் எல்லோருக்கும் தன் எண்ணைக் கொடுத்திருந்தாளாம். யாரும் அழைத்ததில்லை.

"நிறுத்தச் சொல்லப்போறேன்," என்றாள் நோரீன். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியவில்லை. "ஆளுங்க ஏசட்டும். டூயி ஏசட்டும். அவன் என்னோட பேசாம இருக்கட்டும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். மைதானத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. மணி அடிப்பது எனக்கே கேட்டது. கம்பி வேலி வழியாக நான் வீரர்கள் உட்காரும் இடத்தைத் தேடினேன். விட்னி பின்பக்கச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் துண்டுகளும் ஒரு பையும் கிடந்தன. போன் அந்தப் பைக்குள் இருக்கலாம். வேறெங்காவதும் இருக்கலாம்.

"எடுக்கலை," என்றாள் நோரீன். "என்ன பண்றான் அவன்?"

கோல்பி கையை ஒருமுறை உதறிவிட்டு, பந்து வீசும் மேட்டில் ஏறினான். பிடிப்பவனைப் பார்த்துத் தலையசைத்தான்.

"வீசப்போறான்," என்றேன்.

நான்காவது மணி, ஐந்தாவது மணி. விட்னி கைகளைக் கட்டியபடியே நின்றாள். கோல்பி வீசுவதற்குக் காலைத் தூக்கினான்.